கூல்ட்ரிங்க் எந்த வயதில், எந்த நேரத்தில்? வாசகர் கேள்வி பதில்

தீபாவளித் தட்டுகள் வீடு வீடாகப் போகும் காலம் வந்துவிட்டது. அதன் பின்னாலேயே டிசம்பர் விடுமுறையும் வருகிறது. பிள்ளைகளுக்கு இனிப்பையும் கூல்ட்ரிங்கையும் எப்போது கொடுப்பது, எப்போது மறுப்பது என்று கேட்டுத் தென்னாப்பிரிக்க வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். குழந்தை உணவியல் வல்லுநரும் குழந்தைப் பல் மருத்துவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு ஒன்றரை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்றால் மேசையில் இரண்டு லிட்டர் பாட்டிலும் வந்துவிடும். அக்கா குடிப்பதைப் பார்த்துத் தம்பியும் கையை நீட்டுகிறான். எந்த வயதிலிருந்து கொடுக்கலாம்?
— ஒரு தாய், சாட்ஸ்வர்த்

தம்பிக்கு இரண்டு வயது முடியும்வரை ஒரு மிடறுகூட வேண்டாம். மற்ற பல விஷயங்களில் வீட்டுக்கு வீடு விட்டுக்கொடுக்கலாம். இதில் வேண்டாம் என்றே சொல்கிறோம். ஒன்றரை வயது வயிறு சிறியது. அதில் 100 மில்லி இனிப்புத் தண்ணீர் இறங்கினால் அடுத்த வேளைச் சோறும் பருப்பும் உள்ளே போகாது. அதோடு, எந்த அளவு இனிப்பைச் சாதாரணம் என்று நாக்கு எடுத்துக்கொள்கிறதோ, அது இந்த வயதில்தான் படிகிறது.

இதற்கு அழுத்தமான ஒரு சான்று பிரிட்டனிலிருந்து கிடைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் அங்கே சர்க்கரைக்கு ரேஷன் தொடர்ந்தது. 1953 செப்டம்பரில்தான் நின்றது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் காலத்தைக் கண்டவர்களையும், ரேஷன் நின்ற பிறகு பிறந்து வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டு 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் கூட்டத்தாருக்கு டைப் 2 நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 35 சதவீதம் குறைவாக இருந்தது. ரேஷனில் கிடைத்தது பட்டினி அளவும் அல்ல. இன்று மருத்துவர்கள் போதும் என்று சொல்லும் அளவை ஒட்டித்தான் இருந்தது. தெற்காசிய வழிவந்தவர்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே, குறைந்த எடையிலேயே வருகிறது. நம் வீடுகளில் இதைக் கூடுதல் அக்கறையோடு பார்க்க வேண்டியதற்கு அதுவே காரணம்.

அக்காவின் கணக்கு வேறு. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை 4 முதல் 6 வயதுக்கு நாளொன்றுக்கு 19 கிராம், 7 முதல் 10 வயதுக்கு 24 கிராம் என்று மேல்வரம்பு வைத்திருக்கிறது. தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூன் 4 கிராம் என்றால், ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆறு ஸ்பூன். சாதாரண கோலாவில் 100 மில்லிக்கு 10 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை இருக்கும். 330 மில்லி டப்பா ஒன்றிலேயே 35 கிராம் வந்துவிடும். அதனால் ஒரு டப்பா என்ற பேச்சே வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், 150 மில்லி பிடிக்கும் சின்ன டம்ளரில், சாப்பாட்டோடு கொடுங்கள். 16 கிராம்தான் போகும்.

பாட்டிலை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். சமையலறையிலேயே டம்ளரில் ஊற்றி எடுத்து வாருங்கள். மேசையில் தண்ணீர்ச் செம்பு மட்டும் இருக்கட்டும். பெரியவர்களும் அதே ஒரு டம்ளரோடு நிறுத்தினால்தான் இது நடக்கும். தம்பிக்கு நீர்மோர் கொடுங்கள். கடையில் கிடைக்கும் மாஸ் (புளித்த கெட்டிப் பால்) ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, கிள்ளிய கறிவேப்பிலை சேர்த்து அடித்தால் போதும். அவனுக்கு உப்புப் போடத் தேவையில்லை. அக்காவின் டம்ளரைப் போலவே அவனுக்கும் ஒரு டம்ளர் கிடைத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த வயதில் பெரிதாகக் கேட்கமாட்டான்.

பர்பிக்கு இல்லாத கண்டிப்பு பானத்துக்கு ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். மென்று தின்றது வயிற்றை நிரப்பி, அடுத்த வேளைப் பசியைக் கொஞ்சம் குறைக்கும். குடித்த சர்க்கரையை உடல் அப்படிக் கணக்கில் வைப்பதில்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, குடித்ததையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது. குளிர்ச்சியும் நாக்கை ஏமாற்றும். அதே பானத்தை வெளியில் வைத்து, சூடேறி, நுரை அடங்கிய பிறகு வாயில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு இனிப்பு என்று அப்போதுதான் தெரியும்.

பள்ளிக்குத் தினமும் 200 மில்லி ஜூஸ் பெட்டி ஒன்று கொடுத்தனுப்புகிறோம். “100% பழச்சாறு, சர்க்கரை சேர்க்கப்படவில்லை” என்று எழுதியிருக்கிறது. இது சரிதானே? சர்க்கரை வரி வந்தபின் கூல்ட்ரிங்கிலும் சர்க்கரை குறைந்துவிட்டது என்கிறார்களே?
— ஒரு தந்தை, ஃபீனிக்ஸ்

எழுதியிருப்பது பொய் இல்லை. ஆனால் சேர்க்கப்படவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. ஆப்பிள் சாற்றில் இயல்பாகவே 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை உண்டு. உங்கள் பெட்டியில் ஏறக்குறைய ஐந்து ஸ்பூன். பழமாகத் தின்றால் நார் அதைப் பிடித்து வைத்திருந்து மெதுவாக விடும், மெல்லவும் நேரம் எடுக்கும். பிழிந்து நாரைக் கழித்த பிறகு உலக சுகாதார நிறுவனம் அதைக் கூல்ட்ரிங்க் சர்க்கரையோடு ஒரே பட்டியலில்தான் வைக்கிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-இல் சொன்ன வரம்பு இது: ஒரு வயதுக்குள் பழச்சாறே கூடாது, 1 முதல் 3 வயதுக்கு 120 மில்லி, 4 முதல் 6 வயதுக்கு 120 முதல் 180 மில்லி, அதற்கு மேல் 240 மில்லி. இவை உச்ச வரம்புகள். தினமும் கொடுத்தே தீர வேண்டிய அளவுகள் அல்ல. பெட்டியை வாரத்துக்கு இரண்டாகக் குறைத்து, மற்ற நாள்களில் ஒரு நாட்ஜியையோ (சின்னக் கமலா ஆரஞ்சு) அரை ஆப்பிளையோ டப்பாவில் போட்டுத் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள்.

நம் நாட்டில் சர்க்கரை வரி 2018 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. 100 மில்லிக்கு முதல் 4 கிராமுக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட், அடுத்த ஆண்டிலிருந்து 2.21 சென்ட். நூறு சதவீதப் பழச்சாறு இந்த வரிக்குள் வரவில்லை. வரி இல்லாததால் அது உடம்புக்கு நல்லது என்று பலர் எடுத்துக்கொண்டதுதான் வருத்தம். கூல்ட்ரிங்க் கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்தது உண்மை. ஆனால் குறைத்த இடத்தில் பல பானங்களில் செயற்கை இனிப்பைச் சேர்த்து, நாக்குக்கு அதே இனிப்பை வைத்துவிட்டார்கள்.

நம் நாட்டு லேபலில் பார்க்க வேண்டிய வரி “கிளைசெமிக் கார்போஹைட்ரேட்” என்பதற்குக் கீழே, “ஆஃப் விச் டோட்டல் ஷுகர்” என்று வரும். 100 மில்லி என்ற பத்தியில் உள்ள எண்ணை எடுங்கள். ஒரு வேளைக்கு என்ற பத்தியை விட்டுவிடுங்கள். அந்த வேளையின் அளவைக் கம்பெனிதான் தீர்மானிக்கிறது. எண்ணைப் பாட்டிலின் மில்லியால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, நாலால் வகுத்தால் எத்தனை டீஸ்பூன் என்று வரும். ஏழு வயதுப் பிள்ளை இந்தக் கணக்கைத் தானே போடும். கடையில் போடச் சொல்லுங்கள். பாலும் தயிரும் மட்டும் விலக்கு. பாலில் இயல்பாகவே 100 மில்லிக்கு 5 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருப்பதால், ஸ்ட்ராபெரி பால் லேபலில் 10 என்று இருந்தால் 5-ஐக் கழித்துவிட்டு மீதியைச் சேர்த்ததாக எண்ணுங்கள்.

மூன்று வயது மகன் ஆரஞ்சு ஸ்குவாஷை நிறையத் தண்ணீர் கலந்துதான் குடிக்கிறான். மூடி வைத்த பாட்டிலில் நாள் முழுக்கச் சப்பிக்கொண்டே இருப்பான், இரவிலும் தலைமாட்டில் வேண்டும். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறது. பால்பல்தானே, விழுந்துவிடும் என்கிறார் மாமி.
— ஒரு தாய், வெருலம்

அந்த வெள்ளைக் கோடுதான் முதல் எச்சரிக்கை. சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாக இருக்கும் இடத்தில் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் ஓட்டை விழவில்லை. இந்த நிலையில் அதைத் திரும்பக் கெட்டியாக்க முடியும். பழுப்பாகிக் குழி விழுந்தால் அடைக்கத்தான் வேண்டும். இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டி, ஃபுளோரைடு வார்னிஷ் பூசலாமா என்று கேளுங்கள்.

என்ன நடக்கிறதென்றால், இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களில் பல்லின் மேலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. வாயின் பி.எச். (அமில அளவைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் மேற்பூச்சு கரையும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை எடுக்கும். ஒரே மூச்சில் குடித்து முடித்தால் பல்லுக்கு ஒரு தாக்குதல். கால் மணிக்கொரு முறை ஒரு வாய் சப்பினால் எச்சிலுக்கு வேலை முடிவதே இல்லை. பல் காலையிலிருந்து மாலைவரை அமிலத்திலேயே ஊறுகிறது. அதனால்தான் தண்ணீர் நிறையக் கலந்ததில் பெரிய பயன் இல்லாமல் போகிறது. இங்கே சர்க்கரையின் அளவைவிட எத்தனை தடவை என்பதே பல்லைக் கெடுக்கிறது. ஸ்குவாஷில் இருக்கும் சிட்ரிக் அமிலம் சர்க்கரை இல்லாவிட்டாலும் பல்லை அரிக்கும். இரவில் எச்சில் சுரப்பு குறைந்துவிடுவதால் தலைமாட்டுப் பாட்டில்தான் எல்லாவற்றிலும் மோசம். கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் காக்கின்றன. மேல் முன்பற்களுக்கு அந்தக் காவல் இல்லை.

இரவுப் பாட்டிலை இன்றே நிறுத்துங்கள். தண்ணீர் மட்டும் வைக்கலாம். இரண்டு மூன்று இரவு அழுவான், அதோடு அடங்கிவிடும். பகல் பாட்டிலைப் படிப்படியாக இறக்குங்கள். இப்போது ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் என்றால், நாலு நாளைக்கு ஒருமுறை ஏழு, பத்து, பதினைந்து என்று கூட்டிக்கொண்டே போங்கள். கண்ணளவில் ஊற்றினால் தவறும். மருந்துக் குப்பியின் மூடியால் அளந்து ஊற்றுங்கள். மூன்றாவது வாரத்தில் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். அதன்பின் ஸ்குவாஷ் என்பது டம்ளரில், மேசையில், மதியச் சாப்பாட்டோடு மட்டும்.

மூன்று வயதாகிவிட்டதால் பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் போட்டு, இரண்டு வேளையும் பெரியவர் ஒருவர் துலக்கிவிட வேண்டும். மூன்று வயதுக்குள் என்றால் அரிசி மணி அளவு போதும். துலக்கிய பின் துப்பட்டும். வாய் கொப்பளிக்க வேண்டாம், ஃபுளோரைடு பல்லில் தங்க வேண்டும். புளிப்புப் பானம் குடித்த உடனே துலக்கினால் இளகிய மேற்பூச்சு தேய்ந்துபோகும். அரை மணி கழித்துத் துலக்குங்கள்.

மாமியிடம் பக்குவமாக ஒன்று சொல்லுங்கள். பின்பக்கப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்கும். அவை சீக்கிரம் போனால் பக்கத்துப் பற்கள் சரிந்து, கீழிருந்து வரும் நிலைப்பல்லின் வழியை அடைத்துவிடும்.

வருடா வருடம் தீபாவளிக்கு நான்தான் பர்பியும் குலாப்ஜாமூனும் செய்து தட்டு அனுப்புகிறேன். இந்த வருடம் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறாள் மருமகள். குறைத்தால் பர்பி உறையவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு நாள் கிழமையில்கூட இனிப்பைக் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டுமா?
— ஓர் ஆயா, டோங்காட்

அம்மா, உறையாததற்குக் காரணம் உங்கள் கை இல்லை. பர்பியில் சர்க்கரை வெறும் சுவைக்காக இல்லை, அதுதான் பர்பியைப் பிடித்து நிறுத்துகிறது. கம்பிப் பதத்தில் காய்ச்சிய பாகு ஆறும்போது மணிமணியாக உறைந்து, பால்பவுடரையும் க்ரீமையும் கட்டி வைக்கிறது. பாதி சர்க்கரையில் அந்தக் கட்டு இல்லை. தட்டில் களியாகவே நிற்கும். பர்பியில் சர்க்கரையைக் குறைக்காதீர்கள். துண்டைக் குறையுங்கள்.

அரைக் கிலோ பால்பவுடருக்கு அரைக் கிலோ சர்க்கரை என்ற கணக்கில் செய்து, 30-க்கு 20 சென்டிமீட்டர் தட்டில் கொட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் 35 துண்டு, ஒன்றில் 14 கிராம் சர்க்கரை. இரண்டரை சென்டிமீட்டராக வெட்டினால் 96 துண்டு, ஒன்றில் 5 கிராம். மேலே ஒரு பாதாமோ பிஸ்தாவோ பதித்துவிட்டால் சின்னத் துண்டு தட்டில் இன்னும் அழகாகத்தான் இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முழுப் பருப்பு வேண்டாம், தொண்டையில் சிக்கும், சீவித் தூவுங்கள்.

குலாப்ஜாமூனுக்கு நம்மூரில் மாவிலேயே கன்டென்ஸ்டு மில்க் ஊற்றுகிறோம். அந்த டப்பாவில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். மாவே இனிப்பாக இருப்பதால், பாகில் ஊறவைக்காமல் ஒருமுறை முக்கி எடுத்துக் கம்பி வலையில் வடியவிட்டால் போதும். சொஜ்ஜியிலும் பாயசத்திலும் சர்க்கரைக்குக் கட்டி நிறுத்தும் வேலை இல்லை. அவற்றில் தாராளமாக மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம். ஒரு கப் ரவைக்கு ஒரு கப் என்பதை முக்கால் கப்புக்கும் சற்றுக் கீழே இறக்கி, ஏலக்காயைக் கொஞ்சம் கூட்டி, சூடாகப் பரிமாறுங்கள். சூட்டில் இனிப்பு தூக்கலாகத் தெரியும், குறைத்தது தெரியாது.

நாள் கிழமையில் கணக்கு வேண்டுமா என்று கேட்டீர்கள். தீபாவளி அன்றைக்கு வேண்டாம். பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, உங்கள் கையால் வாங்கித் தின்னட்டும். அதை யாரும் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். பல்லைக் கெடுப்பதும் எடையை ஏற்றுவதும் அந்த ஒரு நாள் இல்லை. தட்டுகள் வீட்டில் கிடந்து, வருகிற போகிற நேரமெல்லாம் ஆளுக்கொன்று எடுத்து வாயில் போடும் அடுத்த இரண்டு வாரம்தான். மறுநாள் காலையிலேயே வந்த தட்டுகளையெல்லாம் பிரித்து, பிள்ளைகளுக்குப் பிடித்ததை ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். பர்பியைக் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் கெடாது. மீதி, வேலையிடத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் போகட்டும். பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு முடிந்ததும் சின்னத் துண்டு ஒன்று, அதன் பின் பல் துலக்கல். டப்பா மறுபடி மேலே போய்விட வேண்டும்.

கோயிலில் தரும் பிரசாதத்தை மறுக்கச் சொல்லி எந்தப் பிள்ளையையும் பழக்க வேண்டாம். காவடிக்கும் தேருக்கும் வெயிலில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கூல்ட்ரிங்க் வாங்கிக் கொடுப்பதற்குப் பதில், ஆடி மாதம் மாரியம்மனுக்குக் காய்ச்சும் கூழை நினைத்துப் பாருங்கள். மீலி மாவும் (மக்காச்சோள மாவு) புளித்த மாஸும் சேர்ந்த அந்தக் கூழைத் தண்ணீராகக் கரைத்து, துளி உப்புப் போட்டுக் குளிரவைத்து எடுத்துப்போனால் தாகத்துக்கும் பசிக்கும் அது போதும்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம், தேன், பிரவுன் ஷுகர் கொடுத்தால் பரவாயில்லையா?
— டர்பன் வாசகி

சுவை வேறு, உடம்புக்கு வேலை ஒன்றே. வெல்லத்தில் கொஞ்சம் தாதுச்சத்து இருப்பது உண்மைதான். ஆனால் அதற்காகத் தின்ன வேண்டிய வெல்லத்தின் அளவு நன்மையைத் தின்றுவிடும். தேனை ஒரு வயது முடியாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து, தசைகளைத் தளர்த்திவிடும். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

டயட், ஸீரோ கூல்ட்ரிங்க் கொடுக்கலாமா?
— அதே வாசகி

கிருமிக்கு அதில் தீனி இல்லை, ஆனால் அமிலம் இருக்கிறது. எடையைக் கட்டுப்படுத்த செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. எங்கள் குறை இன்னும் எளியது: நாக்கு அதே இனிப்பைத்தான் தொடர்ந்து கேட்கும். வாரத்துக்கு ஒரு டம்ளர் என்ற இடத்தில் எப்போதாவது இது வந்தால் பாதகமில்லை. சர்க்கரை இல்லையே என்று தினமும் ஊற்ற வேண்டாம்.

பர்த்டே பார்ட்டிக்குப் போய்வந்தால் என் மகன் வீட்டைத் தலைகீழாக்குகிறான். சர்க்கரை தலைக்கேறுவதுதானே?
— ஒரு தந்தை, மெரீபேங்க்

இல்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எது சர்க்கரை, எது இல்லை என்று தெரியாதபடி நடத்திய சோதனைகளைத் தொகுத்து 1995-இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். நடத்தையில் வேறுபாடு தெரியவில்லை. இருபது பிள்ளைகள், பாட்டுச் சத்தம், தப்பிய பகல்தூக்கம், இவைதான் காரணம். கோலாவாக இருந்தால் கஃபீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரையைக் குறைக்க நல்ல காரணங்கள் வேறு பல இருக்கின்றன, இந்தக் காரணம் தேவையில்லை.

கீரை தின்றால் சாக்லேட் என்று ஆரம்பித்தேன். இப்போது எதற்கெடுத்தாலும் “என்ன தருவீங்க?” என்கிறாள் ஆறு வயது மகள். முழுக்க நிறுத்தினேன், ஆயா வீட்டில் ஒளித்து வைத்துத் தின்கிறாள். பள்ளித் தின்பண்டக் கடையான டக்‌ஷாப்பில் என்ன வாங்குகிறாள் என்றும் தெரியவில்லை.
— ஒரு தாய், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கீரை தின்றால் சாக்லேட் என்று சொல்லும்போது, கீரை என்பது கஷ்டப்பட்டுத் தாண்ட வேண்டியது, சாக்லேட் என்பது போய்ச் சேர வேண்டிய இடம் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. முழுக்க நிறுத்தினால் ஆசை அடங்குவதில்லை, கூடுகிறது. 1999-இல் அமெரிக்காவில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். கண்ணாடி ஜாடியில் தெரியும்படி வைத்துத் தடுத்த பிஸ்கட்டைத்தான், தடுக்காமல் வைத்ததைவிட அதிகம் கேட்டார்கள், பேசினார்கள், கிடைத்தபோது அள்ளினார்கள்.

அனுமதி கேட்டு நிற்கும் நிலையையே எடுத்துவிடுங்கள். புதனும் சனியும் என்று இரண்டு நாளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அந்த நாளில் இனிப்பு சாப்பாட்டுத் தட்டோடு கூடவே வரட்டும்; கீரை தின்றாளா என்று பார்க்காதீர்கள். முதலில் இனிப்பைத் தின்றுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வந்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். ஒரு துண்டு, இரண்டாவது கிடையாது. எது, எப்போது, எங்கே என்பது உங்கள் பொறுப்பு. வைத்ததில் எவ்வளவு தின்பது என்பது அவள் பொறுப்பு. மற்ற நாளில் கேட்டால், “சனிக்கிழமை இருக்கிறதும்மா” என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். விளக்கம் கொடுத்தால் வாதம் வளரும். அழுதால் சனிக்கிழமையை முன்னால் கொண்டுவராதீர்கள். கோபம் வந்தால் சனிக்கிழமையை ரத்து செய்யவும் செய்யாதீர்கள். பல வீடுகளில் திட்டம் உடைவது இந்த இரண்டாவது தவறால்தான். தண்டனையாகப் பறிக்கலாம் என்றால் பரிசாகவும் கேட்கலாம் என்றாகிவிடும். மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். முதல் பத்து நாள் முன்பைவிட மோசமாக இருக்கும்.

ஆயாவிடம் குறை சொல்லாமல் ஒரு நாளைக் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை இனிப்பு ஆயா வீட்டில், ஆயா கையால் என்று ஆக்கினால் ஒளிப்பதற்கே அங்கு வேலை இல்லை. டக்‌ஷாப்புக்குத் தினமும் காசு கொடுப்பதை நிறுத்தி, வாரத்தில் ஒரு நாள் கொடுங்கள். அதையும் அந்த இரண்டு நாளில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களுக்குத் தண்ணீர்ப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றிப் படுக்கவைத்து உறையவைத்து, காலையில் மீதியை நிரப்பிக் கொடுங்கள். பிப்ரவரி வெயிலிலும் மதியம்வரை குளிர்ந்திருக்கும். பாதி நாள் பிள்ளைகள் கூல்ட்ரிங்க் வாங்குவது குளிர்ச்சிக்காகத்தான்.

வயிற்றுப்போக்குக்கு நுரை அடங்கிய கூல்ட்ரிங்க் நல்லது என்று வீட்டில் பெரியவர்கள் கொடுக்கிறார்கள். சரியா?
— ஒரு தாய், ஸ்டேங்கர்

சரியில்லை, ஆபத்தும்கூட. அதில் சர்க்கரை மிக அதிகம், உப்புச்சத்து ஏறக்குறைய இல்லை. மிகுதியான சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து, போக்கை இன்னும் கூட்டும்.

கிளினிக்கில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் அதுவே முதல் தேர்வு. இல்லாதபோது, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தட்டையாக வழித்த டீஸ்பூனில் எட்டு சர்க்கரை, அதே ஸ்பூனில் வழித்த அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. கலந்ததும் ருசி பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். சர்க்கரையைப் பயந்து விட்டுவிடவும் கூடாது. குடல் சுவரில் உப்பும் குளுக்கோஸும் ஜோடியாகத்தான் உள்ளே போகும், அவற்றோடுதான் தண்ணீரும் போகும். இங்கே சர்க்கரை மருந்து. 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள்.

டம்ளரில் கொடுத்தால் வாந்தியாகும். ஓரிரு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் வீதம் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தாலோ, சோர்ந்து துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பதின்மூன்று வயது மகன் கிரிக்கெட் பயிற்சிக்குமுன் 500 மில்லி எனர்ஜி டிரிங்க் குடிக்கிறான். 45 கிலோ இருக்கிறான்.
— ஒரு தந்தை, லெனேசியா

நிறுத்துங்கள். வழக்கமான எனர்ஜி டிரிங்கில் 100 மில்லிக்கு 32 மில்லிகிராம் கஃபீன். அரை லிட்டரில் 160. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி அவன் எடைக்கு நாள் முழுதுக்கும் 135-தான் வரம்பு. சர்க்கரை பதின்மூன்று ஸ்பூன் அளவுக்கு வரும். இதனால் தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும். பயிற்சிக்கு ஒரு மணி நேரத்துக்குமுன் ஒரு வாழைப்பழமும் பீநட் பட்டர் தடவிய ரொட்டியும், பயிற்சியில் தண்ணீரும் போதும்.

ஒன்பது வயது மகள் மூன்று வாரமாக எந்நேரமும் கூல்ட்ரிங்க், ஜூஸ், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இரவில் இரண்டு முறை எழுந்து குடிக்கிறாள். நிறுத்தியிருந்த படுக்கை நனைப்பும் திரும்பிவிட்டது. நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், ஆனால் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. இந்த இனிப்புப் பழக்கத்தை எப்படி மாற்றுவது?
— ஒரு தாய், இசிப்பிங்கோ

இந்தக் கடிதம் வந்த அன்றே உங்களோடு தொலைபேசியில் பேசிவிட்டோம். இதே அடையாளங்களை வேறு வீடுகளிலும் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இங்கு வெளியிடுகிறோம்.

இது பழக்கம் இல்லை. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது, சாப்பிட்டும் எடை குறைவது, இவை சேர்ந்து வந்தால் டைப் 1 நீரிழிவாக இருக்கலாம். இது கூல்ட்ரிங்க் குடித்ததால் வருவதில்லை; உடம்பின் காவல் அணுக்களே இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிப்பதால் வருகிறது. யார் மீதும் பழி இல்லை. அன்றைக்கே கிளினிக்குக்குப் போய் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். நாளைக் காலை வெறும் வயிற்றில் வந்து பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்த அடையாளங்களோடு எந்த நேரத்தில் பார்த்தாலும் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 11.1 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுங்கள், மறுக்காதீர்கள். இனிப்புப் பானம் மட்டும் வேண்டாம். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழுத்த பழ வாடை, மயக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் கிளினிக்கில் வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்கு எடுத்துச் செல்லுங்கள்.